தீராத பற்றுக்கணக்கு: தோட்ட அடிமைமுறையைச் சொல்லும் தமிழ்ப் புனைவுகள்

அடிமைமுறை என்றால் தமிழ் வாசகர் மனத்தில் முதலில் எழுவது கப்பலும் சாட்டையும் ஏலமேடையும்தான். அலெக்ஸ் ஹேலியின் நாவல் ‘ஏழு தலைமுறைகள்’ என்ற பெயரில் தமிழுக்கு வந்து, கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது அதற்கு ஒரு காரணம். ஆப்பிரிக்காவில் பிடிபட்டு அமெரிக்காவில் விற்கப்பட்ட குண்டா கிண்டேயை நம் வாசகர்கள் சொந்த வீட்டுப் பிள்ளையாகவே வரித்துக்கொண்டார்கள். ஆனால் தமிழரின் சொந்த அடிமை வரலாற்றை எழுதிய நாவல்களில் ஏலமேடை இல்லை. அங்கே ஆள் திரட்டும் ஒரு மேஸ்திரி வருகிறார். மடியிலிருந்து சில ரூபாய்களை எடுத்து முன்பணமாகக் கொடுக்கிறார். கைநாட்டு வாங்குகிறார். அந்த நொடியிலிருந்து ஒரு குடும்பத்தின் உடலும் நாளும் இன்னொருவருக்குச் சொந்தமாகிவிடுகின்றன.

தமிழில் எழுதப்பட்ட தோட்டப் புனைவுகளையும் தொடக்ககாலத் தொழிற்சமூகத்தைச் சொல்லும் புனைவுகளையும் இந்தக் கடன்கணக்கின் வழியே வாசிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அப்படி வாசிக்கும்போதுதான் தனித்தனியாகக் கிடக்கும் நூல்கள் ஒரே வரலாற்றின் அத்தியாயங்களாகச் சேர்கின்றன. இந்த வாசிப்பைத் தொடங்க ஏற்காடு ஒன்றியத்து மாரமங்கலம் போன்ற ஒரு மலை ஊராட்சி மிகப் பொருத்தமான இடம் என்பது என் உறுதியான எண்ணம்.

மலையேறிய காப்பி

சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் அதைக் கொண்டுவந்து பயிரிட வைத்தார். அதே பத்தாண்டில்தான் இலங்கையின் கண்டி மலைகளிலும் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. இரண்டு மலைகளின் கதையும் ஒரே நேரத்தில் தொடங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. சேர்வராயன் மலையில் ஏற்கெனவே ஒரு சமூகம் இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் ராகியும் விளைவித்து, சேர்வராயனைக் கும்பிட்டு வாழ்ந்தார்கள். கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் கல்வராயன் மலையிலும் வாழ்பவர்கள் இவர்களுடைய உறவினரே.

கீழே சேலம் சமவெளி. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களின் வரிசையில் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் ஆகியவற்றோடு சேலமும் இருந்தது. தலைக்கு மேலே ஒரு காப்பி மலை, காலடியில் பஞ்சம், தொலைவில் கண்டியின் இன்னொரு காப்பி மலை. இவை மூன்றும் சேர்ந்ததுதான் இந்தப் பகுதியின் பத்தொன்பதாம் நூற்றாண்டு. இங்கே நின்று, வால்பாறைத் தோட்டங்களைச் சொல்லும் ‘எரியும் பனிக்காடு’ நாவலைப் படிப்பவருக்கு அது வேறோர் ஊரின் கதையாகத் தோன்றாது.

சட்டம் ஒழித்ததும் ஒழிக்காததும்

நாவல்களுக்குள் போகும் முன் சில ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு கிடைத்தது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. இந்தியாவில் 1843இல் வந்த ஐந்தாம் எண் சட்டம், ஒருவரை அடிமை என்று சொல்லி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது என்றது. தமிழகத்தில் மனிதரை விற்ற ஓலைகளும், கோயிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்டவர்களைப் பற்றிய சோழர் காலக் கல்வெட்டுகளும் இருந்தன என்பதை ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமை முறை’ நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். புனைவு வாசகர் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய நூல் அது.

ஆனால் 1859இல் இன்னொரு சட்டம் வந்தது: வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால், முதலாளி நீதிபதியிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையேல் வேலைக்குத் திரும்பு என்று நீதிபதி ஆணையிடுவார். இரண்டும் முடியாதவருக்கு மூன்று மாதம்வரை சிறை. சாதாரணக் கடனுக்கு உரிமையியல் வழக்கு. கூலியாளின் கடனுக்குக் குற்றவியல் தண்டனை. 1925இல்தான் இந்தச் சட்டம் நீக்கப்பட்டது. மேஸ்திரி நீட்டும் சில ரூபாய்க்குப் பின்னால் போலீசும் நீதிமன்றமும் நின்றன என்பதை அறிந்தவருக்கு, நாவலில் வரும் முன்பணக் காட்சி சாதாரணக் கொடுக்கல் வாங்கலாகத் தெரியாது.

இலங்கையில் இதே கணக்கு ‘துண்டு’ என்ற வடிவம் எடுத்தது. ஆள் திரட்டி மேய்க்கும் கங்காணியும் அவருடைய கூட்டத்தாரும் பட்ட கடன் இவ்வளவு, இதைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டத்து நிர்வாகம் சீட்டு எழுதிக் கொடுக்கும். வேறு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்கள் கைமாறுவார்கள், கடனும் அவர்களோடு கூடவே போகும். காகிதத்தில் இது கடன் மாற்றம். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்தவருக்கு அது விற்பனையேதான். 1921இல் இந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வர 1976 ஆயிற்று.

மருதியும் கருப்பனும்

தமிழ்ப் புனைவில் இந்த வரலாற்றுக்கு முதல் வலுவான குரல் கொடுத்தவர் புதுமைப்பித்தன். ‘துன்பக்கேணி’ 1935இல் மணிக்கொடியில் வந்தது. திருநெல்வேலிச் சீமையின் சேரிப் பெண் மருதி. கணவன் வெள்ளையன் சிறைக்குப் போகிறான். பிழைக்க வழியில்லாமல் அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். ஊரில் பண்ணையார், தோட்டத்தில் அதிகாரி. ஆட்கள் மாறுகிறார்கள், அவளுடைய நிலைமை மாறவில்லை. மகள் வெள்ளைச்சி வளர்ந்து வரும்போது அதே ஆபத்து அவளை நோக்கியும் வருகிறது. தோட்டத்து அடிமைத்தனம் ஏதோ அந்நியர் கொண்டுவந்த தீமை என்று எளிதாக முடித்துவிடாமல், அதன் வேர் ஊர்ச் சாதியமைப்பில் இருக்கிறது என்று காட்டியதுதான் இந்தக் கதையின் பெரிய சாதனை. ஊரில் உழைப்புக்கு மதிப்பிருந்தால் மருதி கடல் தாண்டியிருக்க மாட்டாள்.

அடுத்த பெரிய நூல் ஆங்கிலத்தில் பிறந்தது. பி. எச். டேனியல் ஆனைமலையின் வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். பிறகு தொழிற்சங்கப் பணியிலும் இறங்கியவர். முதிய தொழிலாளர்களிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு 1969இல் அவர் எழுதி வெளியிட்ட ‘ரெட் டீ’, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்தது 2007இல். பாலாவின் ‘பரதேசி’ திரைப்படம் 2013இல் வந்த பிறகு அதற்கு இன்னும் பெரிய வாசகப் பரப்பு அமைந்தது. யாருடைய தாத்தா பாட்டியின் கதையோ, அவர்களுடைய மொழிக்கு அது வந்துசேர 38 ஆண்டுகள் ஆயின. நூல்களைப் பகிர்வதைப் பற்றிப் பேசும் எவரும் இந்த எண்ணைக் கடந்து போகக் கூடாது.

இந்த நாவலை நுணுகிப் படிக்க வேண்டிய இடம் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். கருப்பனும் வள்ளியும் பஞ்சத்துக்குத் தப்பி மலையேறிய இளம் தம்பதி. வரும்போது வாங்கிய முன்பணம் பற்றில் இருக்கிறது. வழிச்செலவு அதில் ஏறுகிறது. குளிருக்குக் கொடுத்த கம்பளி ஏறுகிறது. வாராவாரம் அளந்த அரிசி ஏறுகிறது. காய்ச்சலில் படுத்த நாட்களுக்குப் பேர், அதாவது நாட்கூலி, விழவில்லை. மழையும் அட்டைக்கடியும் தாங்கி, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடி, ஆண்டு முழுவதும் உழைத்த பிறகு கணக்கைப் பார்த்தால் கையில் வாங்க ஒன்றுமில்லை. அடைக்க வேண்டிய பாக்கி இருக்கிறது. ஊருக்குத் திரும்பும் கனவு இன்னோர் ஆண்டு தள்ளிப் போகிறது. டேனியல் அந்தக் காட்சியில் அடியும் உதையும் காட்டவில்லை, அதற்குத் தேவையே இல்லை. கணக்கு எழுதுகிறவருக்கு எழுதத் தெரியும், எதிரில் நிற்பவருக்குப் படிக்கத் தெரியாது, அது போதும். நாவலின் வேறெந்தக் கொடுமையையும்விட என்னை அதிகம் உலுக்கியது அந்த அமைதியான கூட்டல் கழித்தல்தான்.

எமிலி ஸோலா 1885இல் எழுதிய ‘ஜெர்மினல்’ நாவலைப் படித்தவருக்கு மெக்ரா என்ற மளிகைக்காரன் நினைவுக்கு வருவான். பிரான்சின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களை அவன் கடன் கொடுத்தே கட்டி வைத்திருப்பான். ரொட்டிக்குப் பதிலாகப் பெண்களின் மானத்தைக் கேட்பான். தொடக்ககால ஆலையும் தொடக்ககாலத் தோட்டமும் ஒரே பொறியின் இரண்டு பற்சக்கரங்கள். லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு அமெரிக்க அடிமைகளிடமிருந்து வந்தது. அந்த ஆலைத் தொழிலாளி களைப்பு நீங்கக் குடித்த பானம் பிற்காலத்தில் நம் மலைகளிலிருந்து போனது.

உள்ளிருந்து எழுதியவர்கள்

புதுமைப்பித்தனும் டேனியலும் வெளியிலிருந்து பார்த்தவர்கள். இலங்கை மலையகத்தில் லயங்களுக்கு உள்ளிருந்தே எழுத்தாளர்கள் எழுந்தார்கள். அந்த வரிசையின் முன்னோடி சி. வி. வேலுப்பிள்ளை. 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டத்தால் அவருடைய மக்கள் நாடற்றவர்களானார்கள். ‘வீடற்றவன்’, ‘இனிப்படமாட்டேன்’ ஆகிய நாவல்களில் அவர் எழுதியது இரக்கம் கோரும் கதையல்ல. எழுந்து நிற்கத் தொடங்கிய மனிதரின் கதை. தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்ததும் அவரே. காப்பிக் காலத்து நடைப்பயணமும் சாவும் கங்காணி மீதான கோபமும் அந்தப் பாடல்களில்தான் முதலில் பதிவாயின. நாவலுக்கு முன்பே மக்கள் தங்கள் வரலாற்றைப் பாடி வைத்திருந்தார்கள்.

தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வெளிவந்தது. தோட்டத்து நாளாந்த வாழ்வின் சிறு அதிகாரங்கள், சிறு அவமானங்கள், சிறு எதிர்ப்புகள் அவரிடம் துல்லியமாகக் கிடைக்கின்றன. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்கள் என்று முடிவாயிற்று. மருத்துவரான தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ 1970களின் மலையக நிலப் போராட்டத்தைச் சொல்கிறது. தோட்டத்தில் வைத்தியம் பார்த்தவர்கள் நாவலாசிரியர்களாக ஆவது வால்பாறையிலும் நடந்தது, மலையகத்திலும் நடந்தது. நோயின் காரணத்தைத் தேடிப் போனவர்கள் கூலிக் கணக்கில் வந்து நின்றார்கள்.

காப்பிக் காலத்தை மட்டும் எடுத்துக்கொண்ட நூல்கள் சேர்வராயன் மலை வாசகருக்குத் தனி முக்கியத்துவம் உடையவை. கிறிஸ்டின் வில்சன் ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்று நாவலை இரா. சடகோபன் ‘கசந்த கோப்பி’ என்று தமிழாக்கினார். அவரே ‘கண்டிச் சீமையிலே’ என்ற வரலாற்று நூலில் கோப்பிக் காலத்தை விரித்து எழுதினார். மன்னாரில் கரையிறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள், வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள், 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழியத் தொடங்கியபோது நடுத்தெருவில் நின்றவர்கள் எல்லாரும் அவற்றில் இருக்கிறார்கள். 2023இல், மலையகத் தமிழர் இலங்கை வந்து இருநூறு ஆண்டானதைக் குறிக்கும் ‘மலையகம் 200’ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். இத்தகைய நூல்கள் காத்து வைத்த நினைவு அந்த நடையில் தெருவுக்கு வந்தது.

மலேயாவின் ரப்பர் தோட்டங்களை அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலில் எழுதினார். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இன்னோர் அடிமைத்தனத்தைச் சொல்கிறது. 1942–43இல் ஜப்பானிய இராணுவம் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டபோது, ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனது. அதே வேலையில் தள்ளப்பட்ட போர்க்கைதிகளின் துயரம் உலகறிந்த திரைப்படமாயிற்று. அவர்களோடு மடிந்த தோட்டத் தமிழர்களின் துயரத்தைப் பேசும் பொறுப்பைத் தமிழ் நாவல் ஏற்றுக்கொண்டது.

பனிக்கட்டியும் கரும்பும்

தொடக்ககாலத் தொழிற்சமூகம் தோட்டத்தோடு முடிவதில்லை. ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ (2013) பெரும்பஞ்சக் காலத்துச் சென்னையைக் களமாகக் கொண்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கி வைக்கும் ஐஸ் ஹவுஸில் தலித் தொழிலாளர்கள் நடத்தும் வேலைநிறுத்தம் அதன் மையம். நெடுஞ்சாலையில் பிணங்கள் கிடக்கும்போது துறைமுகத்தில் தானியம் கப்பலேறும் முரணை அது கண்முன் நிறுத்துகிறது. சேலத்து வாசகர் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது தம் மாவட்டத்து மக்கள் நடந்து போன சாலைகளையே படிக்கிறார்.

சேர்வராயன் மலைக்கு மிக அருகில் வந்த நாவலாசிரியர் நாமக்கல் பகுதியின் கு. சின்னப்ப பாரதி. அவருடைய ‘சங்கம்’ கொல்லிமலைப் பழங்குடி மக்களைப் பற்றியது. வட்டிக்குக் கொடுப்பவரும் விளைபொருளை அடிமாட்டு விலைக்கு வாங்கும் வியாபாரியும் அதிகாரியும் சேர்ந்து மலைமக்களின் நிலத்தையும் உழைப்பையும் எப்படிக் கைப்பற்றுகிறார்கள், அவர்கள் எப்படி ஒன்றுசேர்ந்து எதிர்க்கிறார்கள் என்பதே கதை. ‘சர்க்கரை’யில் கரும்பாலையையும் ‘சுரங்க’த்தில் நிலக்கரித் தொழிலையும் எழுதினார். இங்கும் கடன்தான் முதல் விலங்கு. கொல்லிமலையில் வாழ்பவரும் மாரமங்கலத்தில் வாழ்பவரும் ஒரே மக்கள் என்பதால், இந்த வட்டாரத்தில் முதலில் கையில் எடுக்க வேண்டிய நாவலாக ‘சங்கம்’ நூலையே சொல்வேன்.

இவ்வளவு இருந்தும், தமிழ் வாசகர்கள் பேசும் தோட்ட நாவல்களின் வரிசையில் சேர்வராயன் மலை இல்லை. இருநூறு ஆண்டுக் காப்பி வரலாறு உள்ள மலை, பெரும்பாலும் ஏரியும் படகும் கோடை விழாவுமாகவே எழுத்தில் வருகிறது. பழம் பறிக்கும் கை, பழத்தோல் நீக்கும் பல்பர் இயந்திரம் ஓடும் இரவு, களத்தில் காயும் கொட்டையைக் கிளறும் கால், சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிப்பவரின் உயிர் அச்சம் ஆகியவை இன்னும் தம் நாவலுக்காகக் காத்திருக்கின்றன.

இந்த நூல்களின் குறைகள்

மதிப்பதால்தான் குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல நாவல்களில் பெண்ணின் துயரம் பாலியல் வன்கொடுமையோடு நின்றுவிடுகிறது. கூடை நிரப்பிய கொழுந்துக்கு எடை குறைக்கப்பட்டதும், ஆணைவிடக் குறைந்த கூலி கொடுக்கப்பட்டதும், அவள் கூலியைக் கணவனே வாங்கிக்கொண்டதும் அதே அளவு முக்கியமான கதைகள். கங்காணியும் மேஸ்திரியும் பெரும்பாலும் ஒற்றை நிற வில்லன்களாக வருகிறார்கள். அவர்களும் அதே ஊரிலிருந்து, சில நேரங்களில் அதே உறவிலிருந்து வந்தவர்கள்; அந்த நெருக்கத்தாலேயே முறை உடையாமல் நின்றது. தோட்டம் நிலைபெற்ற இடங்களில் முன்பே வாழ்ந்த பழங்குடியினர் பல நாவல்களில் பின்புலத்து மரங்களைப் போலவே இருக்கிறார்கள். யாருடைய காட்டை வெட்டி இந்தத் தோட்டம் எழுந்தது என்ற கேள்வியை வாசகர்தான் நாவலுக்குள் கொண்டுபோக வேண்டும்.

சேர்ந்து வாசிக்கும் முறை

மலையகத்தில் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அர்ச்சுனன் தபசும் இரவு முழுக்க நடந்தன. எழுத்தறியாதவரும் அங்கே கதையின் முழுப் பங்காளி. 1990களில் அறிவொளி இயக்கம் தமிழகத்துக் கிராமங்களில் கதைகளை உரக்கப் படித்துக் காட்டியது. இந்தப் பழக்கத்தை மாரமங்கலத்தில் தொடரலாம். காப்பி அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்களில் மாலைகள் சற்று ஓய்வாக இருக்கும்.

முதல் கூட்டத்துக்கு ‘துன்பக்கேணி’. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் நகலெடுத்து எல்லாருக்கும் கொடுக்கலாம். அடுத்து ‘எரியும் பனிக்காடு’ நாவலில் மூன்று இடங்கள் மட்டும்: முன்பணம் வாங்கும் இடம், முதல் நாள் பிரட்டு, கணக்கு முடிக்கும் நாள். பிறகு சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த பாடல்களில் சில. கடைசியாக ‘சங்கம்’. ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்தக் கணக்கை யார் எழுதினார்கள், யாரால் அதைப் படிக்க முடியவில்லை?

அந்தக் கேள்வி எழுந்தால் கேட்பவர்களின் வீட்டுக் கணக்குகளும் வெளியே வரும். பரணில் கிடக்கும் பழைய பற்றுப் புத்தகம், சம்பளச் சீட்டு, அடகு வைத்த நிலத்தின் பத்திரம், பாட்டிக்கு மட்டும் நினைவிருக்கும் ஒரு மேஸ்திரியின் பெயர். சொல்பவரின் சம்மதத்தோடு, அவர் விரும்பாவிட்டால் பெயரை விட்டுவிட்டு, அவற்றை எழுதி வைக்க வேண்டும். நூலகத்தில் அந்த ஏட்டுக்கு ஓர் அலமாரி வேண்டும். பள்ளிப் பிள்ளைகளே எழுதினால் இன்னும் நல்லது. ஏனெனில் அந்தக் குடும்பங்களில் கணக்கைப் படிக்கத் தெரிந்த தலைமுறை அவர்கள்தான்.

டேனியல் எழுதியதும் முதியவர்கள் சொல்லக் கேட்டுத்தான். சி. வி. தொடங்கியதும் பிறர் பாடக் கேட்டுத்தான். சேர்வராயன் மலையின் நாவலை எழுதப் போகிறவர் இன்று மலைப்பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருக்கலாம். அவர் கையில் இந்த நூல்களையும், தம் ஊர்ப் பெரியவர்களின் கணக்குகளையும் ஒருசேரக் கொடுப்பது நம் கடமை. இனி அந்தக் கணக்கை எழுத வேண்டியவர், கடன்பட்டவரின் பேத்தியும் பேரனும்தான்.